பூனை தேறிவிட்டதா? இரத்தத்தைப் பார்த்தால் தெரியும்

நம்மில் பலரது வீடுகளில் பூனை பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்கிறது. அதற்கு 'கொரோனா பாசிட்டிவ்' என்று அறிக்கை வந்தால் வீடே கலங்கிவிடுகிறது. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறோம். இது கோவிட்-19 கிருமி அல்ல. மனிதருக்குத் தொற்றுவதும் இல்லை.

பூனைக் கொரோனா வைரஸ் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். கொஞ்சம் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். சில பூனைகளில் மட்டும் அது உருமாறி, வெள்ளணுக்களுக்குள் புகுந்து எஃப்.ஐ.பி. என்ற கொடிய நோயாகிறது. வயிற்றில் நீர் கோக்கும். கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆன்டிபாடி பரிசோதனையால் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஓர் எண்ணை நம்பிப் பூனையை ஊசி போட்டு முடித்துவிடுவது பெரும் தவறு.

முன்பு எஃப்.ஐ.பி. என்றால் மரணம்தான். 2019-இல் அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சன் குழுவினர், ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 25 பூனைகள் பிழைத்தன. 12 வாரச் சிகிச்சை அது. ஆனால் சில நாட்களிலேயே காய்ச்சல் தணிந்து பூனை சாப்பிடத் தொடங்கும். மருந்தோ விலை அதிகம். 'நல்லாத்தானே இருக்கு, போதும்' என்ற எண்ணம் நமக்கு வருவது இங்கேதான்.

இரத்தம் வேறு கதை சொல்லக்கூடும். அல்புமினைக் குளோபுலினால் வகுத்தால் வரும் விகிதம் 0.4-க்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது; 0.8-க்கு மேல் என்றால் இந்நோயாக இருக்கும் வாய்ப்பு குறைவு. சிகிச்சை பலித்தால் இவ்விகிதம் மெல்ல ஏறும். கோத்த நீர் வற்றும்போது குளோபுலின் சிறிது காலம் கூடவும் செய்யலாம், அதைக் கண்டு பதற வேண்டாம்.

அழற்சியைக் காட்டும் புரதங்கள் இரண்டு. சீரம் அமைலாய்டு ஏ விரைவில் இறங்கிவிடும். ஏ.ஜி.பி. எனும் ஆல்ஃபா-1 அமில கிளைகோபுரதம் நிதானமாகவே இறங்கும். அந்த நிதானம்தான் அதன் பயன். உண்மையாகக் குணமான பூனையையும், நோய் தற்காலிகமாக அடங்கியிருக்கும் பூனையையும் பிரித்தறிய ஏ.ஜி.பி. உதவியதாக டயான் ஆடி குழுவினரின் 2022 ஆய்வு காட்டியது. ஆய்வு சிறியது. வேறு தொற்றுகளிலும் ஏ.ஜி.பி. உயரும் என்பதால், எடை, ஹீமாட்டோகிரிட், பிலிருபின் ஆகியவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

பரிசோதனையை முடிந்தவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் செய்துகொள்வது நல்லது. முதல் நாள் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் வரும் எண்களை அதோடுதான் ஒப்பிட வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகும் 12 வாரங்கள் கண்காணிப்பு தொடரும். நோய் திரும்பினால் பெரும்பாலும் அந்தக் காலத்திற்குள்தான்.