மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000: மீள்வருகையும் இரசிகர்களும்

மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000 என்பது, தரம் குறைந்த பழைய திரைப்படங்களை ஓடவிட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டே கேலி பேசும் அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். 1988 முதல் 1999 வரை ஒளிபரப்பாகி நின்றுபோன இத்தொடர், இரசிகர்கள் திரட்டித் தந்த பணத்தால் 2017-இல் மீண்டும் வந்தது. தாங்களே பணம் கொடுத்து மீட்ட தொடரை அந்த இரசிகர்கள் எப்படி வரவேற்றார்கள், எவற்றைக் குறை கூறினார்கள், அக்குறைகளில் எவை நியாயமானவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடரின் அமைப்பு

இத்தொடரை உருவாக்கியவர் ஜோயல் ஹாட்ஜ்சன். இது மினியாபொலிஸ் நகரின் கே.டி.எம்.ஏ. என்னும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் 1988 நவம்பர் 24 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. கதை மிக எளிது. கிறுக்கு விஞ்ஞானிகள் ஓர் ஊழியரை விண்கலத்தில் அடைத்து, மோசமான திரைப்படங்களைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்துகிறார்கள். தனிமையைப் போக்க அவர் டாம் சர்வோ, குரோ முதலிய இயந்திர மனிதர்களைச் செய்து துணைக்கு வைத்துக்கொள்கிறார். திரையின் கீழ்விளிம்பில் இம்மூவரின் நிழலுருவங்கள் தெரியும். முழுத் திரைப்படமும் ஓட, அவர்கள் இடையிடையே கிண்டலடிப்பார்கள்.

கேலிக்கு இலக்கானவை பெரும்பாலும் மறக்கப்பட்ட படங்களே. டெக்சாசு மாநிலத்தின் எல் பாசோ நகரில் உர வணிகர் ஒருவர் 1966-இல் எடுத்த 'மானோஸ்: த ஹாண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' ஓர் எடுத்துக்காட்டு. 1993-இல் இத்தொடரில் இடம்பெற்ற பிறகே அப்படம் பரவலாக அறியப்பட்டது.

இரசிகர் வட்டம்

தொடக்க ஆண்டுகளில் இத்தொடரை ஒளிபரப்பிய கம்பிவடத் தொலைக்காட்சி எல்லா ஊர்களிலும் கிடைக்கவில்லை. ஆகவே நிகழ்ச்சியைப் பதிவு செய்து, நாடாக்களைக் கைமாற்றிக் கொள்ளுமாறு தொடரின் இறுதி எழுத்துகளிலேயே வேண்டுகோள் இடம்பெற்றது. இரசிகர்களும் அவ்வாறே செய்தார்கள். 1993-இல் இத்தொடருக்குப் பீபாடி விருது கிடைத்தது. 1996-இல் காமெடி சென்ட்ரல் தொலைக்காட்சி தொடரைக் கைவிட்டபோது இரசிகர்கள் கடிதம் எழுதிப் போராடினார்கள். 1997-இல் சை-ஃபை தொலைக்காட்சி அதை ஏற்று நடத்தியது. 1999-இல் அங்கும் முடிவுக்கு வந்தது.

மீள்வருகை

2015 நவம்பரில் ஹாட்ஜ்சன் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி கேட்டார். மூன்று நிகழ்ச்சிகளுக்கு 20 இலட்சம் டாலர் என்பது முதல் இலக்கு. ஒரு மாதத்தில் 48,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 57 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். திரைப்பட, காணொளித் துறையில் அத்தளம் அதுவரை கண்டிராத தொகை இது. இதைக் கொண்டு உருவான 14 நிகழ்ச்சிகள் 2017 ஏப்ரல் 14 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியாயின. ஜோனா ரே புதிய நாயகரானார். ஃபெலிசியா டே, பேட்டன் ஓஸ்வால்ட் ஆகியோர் வில்லன்களாக நடித்தனர். டாம் சர்வோவுக்குப் பேரன் வானும், குரோவுக்கு ஹாம்ப்டன் யவுண்ட்டும் குரல் கொடுத்தனர்.

இரசிகர்களின் எதிர்வினை

பொதுவாக வரவேற்பு அன்பானதாகவே இருந்தது. கையால் செய்த பொம்மைகள், மலிவான அரங்கப் பொருள்கள், இடையில் வரும் பாடல்கள் என்று பழைய தோற்றம் மாறாமல் இருந்ததை இரசிகர்கள் பாராட்டினார்கள். 'ரெப்டிலிகஸ்' என்ற டென்மார்க் படத்தைக் கேலி செய்த முதல் நிகழ்ச்சியில், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பூதம் உண்டு என்று பாடும் பாடல் உடனே பெயர்பெற்றது.

குறைகளும் எழுந்தன. அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, பழக்கத்தால் எழுந்த குறை. டாம் சர்வோவின் குரல் பழைய குரல் போல இல்லை என்பது பலரின் ஏமாற்றம். அவர்கள் மனத்தில் இருந்தது கெவின் மர்ஃபியின் குரல். ஆனால் மர்ஃபியும் அப்பாத்திரத்தின் முதல் குரல் அல்லர். 1990-இல் அவர் அப்பொறுப்பை ஏற்றபோது, சர்வோவின் புதிய குரலை வெறுப்பதாக எழுதிய நீண்ட பதாகையை ஓர் இரசிகர் அனுப்பிவைத்தார். 1993-இல் ஹாட்ஜ்சன் விலகி, மைக் நெல்சன் நாயகரானபோதும் இருவரில் யார் சிறந்தவர் என்ற சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது. வெறுக்கப்பட்ட குரலே பின்னர் அளவுகோலாக மாறியது. இவ்வகைக் குறையைக் காலமே தீர்த்துவைக்கும்.

இரண்டாம் வகை, வேலைப்பாட்டைப் பற்றிய குறை. புதிய பருவத்தில் கிண்டல்கள் மூச்சுவிடாமல் அடுத்தடுத்து வந்தன. படத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்பதற்குள் ஒரு நகைச்சுவை, அதற்குச் சிரிப்பதற்குள் இன்னொன்று. மூவரின் குரல்களும் ஒன்றுபோல ஒலித்ததால் பேசுபவர் யார் என்பதும் சிலருக்குப் புரியவில்லை. இது வெறும் பழமைப் பற்று அன்று. இத்தொடரின் சுவை, இருட்டில் நண்பர்கள் அருகில் அமர்ந்து படம் பார்ப்பது போன்ற உணர்வில் இருக்கிறது. நண்பன் சற்று நேரம் சும்மாவும் இருப்பான். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அது நண்பனின் பேச்சாக இராமல் நகைச்சுவைப் பட்டியலாகிவிடும்.

தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்தார்கள். 2018 நவம்பரில் ஆறு நிகழ்ச்சிகளுடன் வந்த அடுத்த பருவத்தில் வேகம் குறைந்தது. குரல்களும் பிரித்தறியக்கூடியனவாயின. முந்தைய பருவத்தில் மனம் ஒட்டாத பலர் இதை விரும்பிப் பார்த்தார்கள்.

பிற்காலம்

2019 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தொடரை நிறுத்தியது. 2021-இல் இரசிகர்கள் மீண்டும் ஏறத்தாழ 65 இலட்சம் டாலர் கொடுத்தார்கள். அதைக் கொண்டு 2022-இல் 13 நிகழ்ச்சிகள், கிஸ்மோபிளெக்ஸ் என்னும் சொந்த இணைய அரங்கில் வெளியாயின. ஹாட்ஜ்சன், ஜோனா ரே ஆகியோருடன் எமிலி மார்ஷும் நாயகராகப் பங்கேற்றார். 2023-இல் நடந்த அடுத்த நிதித்திரட்டல் இலக்கை எட்டவில்லை.

இரசிகர்களின் பணத்தால் நடக்கும் தொடருக்கு உள்ள வலிமையும் ஆபத்தும் இதில் தெரிகின்றன. தொலைக்காட்சி நிறுவனம் கைவிட்டாலும் தொடர் பிழைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இரசிகர்களின் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் சொன்ன குறையைக் கேட்டுத் திருத்திக்கொண்டபோது தொடர் மேம்பட்டது. புதிய முகங்களையும் குரல்களையும் இரசிகர்கள் பொறுமையுடன் ஏற்றபோதெல்லாம் அதன் ஆயுள் நீண்டது. இவ்விரண்டும் சேர்ந்தே இத்தொடரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறக்கப்படாமல் காத்துள்ளன.