ஆசிரியரின் கையில் ஒரு புதிய கருவி



அண்மையில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். “ஃபாதர், பாடக்குறிப்பு, வினாத்தாள் எல்லாம் இப்போது செல்போனில் சாட்ஜிபிடியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். இது ஏமாற்று வேலையா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார். “இல்லையம்மா” என்றேன். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. பிறகு அவர் சொன்னதை, அவருடைய அனுமதியோடு இங்கே சொல்கிறேன்.

‘என் வீடு’ என்ற தலைப்பில் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைப் படமெடுத்து, பிழை திருத்தித் தரும்படி அந்தக் கருவியிடம் கேட்டிருக்கிறார். ஒரு சிறுவனின் கட்டுரைக்கு, ‘நன்று. ஒற்றுப்பிழைகளைக் கவனி’ என்று குறிப்பு வந்தது. அதை அப்படியே நோட்டில் எழுதப் போனவர், தற்செயலாகக் கட்டுரையை வாசித்தார். அப்பாவுக்கு சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். அம்மா ஊருக்குப் போய்விட்டார். ‘ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் இருப்பேன்’ என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தான்.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை நமக்குத் தெரியும். கீழே விழுந்தால் எடுக்க வேண்டிய பொருள்களைக் குரு ஓலையில் எழுதிக் கொடுத்திருப்பார். ஒருநாள் குருவே பள்ளத்தில் விழுவார். சீடர்கள் ஓலையைப் பார்த்து அவருடைய தலைப்பாகை, வேட்டி எல்லாவற்றையும் எடுப்பார்கள். குரு ஓலையில் இல்லையே, அவரை அப்படியே விட்டுவிடுவார்கள்! ஆசிரியை பிழை திருத்தக் கேட்டார். கருவி பிழையைத் திருத்தியது. பிள்ளை அதன் ஓலையில் இல்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்தது. இத்தகைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகின்றன. அதனால் சரளமாக எழுதும். தவறையும் அதே சரளத்தோடு எழுதும். குறள் ஒன்று கேட்டால், வள்ளுவர் எழுதாத குறளைக்கூடத் தந்துவிடும்.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா? திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. 2025 ஜனவரி 28, புனித தாமஸ் அக்குவினாஸ் நினைவு நாளில், வத்திக்கான் இதைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. அதன் பெயர் ‘அந்திக்குவா எத் நோவா’. பழையதும் புதியதும் என்று பொருள். இந்தத் தொழில்நுட்பம் கல்விக்கு உதவக்கூடும் என்பதை அது ஏற்கிறது. ஆனால் கல்வியின் இதயம் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள உறவு என்றும், ஆசிரியர் நேரில் இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை என்றும் சொல்கிறது.

நம் ஓசூரையே பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். வேலை தேடி வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓர் அறிவியல் பாடத்தை எளிய சொற்களில் மாற்றித் தரச் சொல்லலாம். பெற்றோருக்கான கடிதத்தை இந்தியிலோ ஒடியாவிலோ எழுதி வாங்கலாம். அந்த மொழி தெரிந்தவரிடம் காட்டிய பிறகே அனுப்ப வேண்டும். விகிதக் கணக்குக்கு இராயக்கோட்டைத் தக்காளிப் பெட்டிகளை வைத்துப் பத்துக் கேள்விகள் கேட்கலாம். விடைகளை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

எல்லையும் உண்டு. பிள்ளையின் பெயர், படம், மதிப்பெண், வீட்டு நிலைமை எதையும் அதில் ஏற்றாதீர்கள். அது நம்மை நம்பிக் கொடுத்த செய்தி. அந்த ஆசிரியையும் இப்போது கட்டுரைகளைப் படமெடுத்து அனுப்புவதில்லை. சிறுவர்களிடம் கருவியைத் தனியே விடாதீர்கள். வகுப்பறையில் இதைப் பயன்படுத்த 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று 2023இல் யுனெஸ்கோ வழிகாட்டியிருக்கிறது.

எம்மாவு வழியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எருசலேமில் நடந்தது அனைத்தும் ஆண்டவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் அந்த இரு சீடர்களோடு சேர்ந்து நடக்கிறார். என்ன நடந்தது என்று கேட்கிறார். அவர்கள் தங்கள் துயரத்தைக் கொட்டி முடிக்கும்வரை காத்திருக்கிறார். அதன் பிறகே மறைநூலை விளக்குகிறார். கருவி நொடியில் பதில் தருகிறது. கேட்பதும் காத்திருப்பதும் ஆசிரியரின் பங்கு.

எனவே ஆசிரியப் பெருமக்களே, எழுத்து வேலையைக் கருவி குறைக்கட்டும். மிச்சமாகும் அரைமணி நேரத்தை ஒரு பிள்ளையோடு செலவிடுங்கள். பெற்றோரே, ஆசிரியர் உங்களை அழைத்தால் ஷிஃப்டைக் காரணம் சொல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள்.

அந்த ஆசிரியை மறுநாளே சிறுவனின் அப்பாவை அழைத்துப் பேசினார். இப்போது நைட் ஷிஃப்ட் நாள்களில் அவன் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் தூங்குகிறான்.

நம்மோடு வழிநடக்கும் ஆண்டவர் நம் ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.