புள்ளியும் சுவரும்: கூட்டுக்கலை, உடைமை, எதிர்ப்பு பற்றிய ஒரு நோக்கு

கலையைத் தனிமனித மேதையின் வெளிப்பாடாகக் கொள்வோரும், சமூகக் கூட்டுழைப்பின் விளைபொருளாகக் கொள்வோரும் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். இவ்விவாதத்திலே பெரும்பாலும் கேட்கப்படாது விடப்படும் வினா ஒன்றுண்டு. பலர் கூடிப் படைக்கும் கலை எவருக்கு உடைமையான சுவரில் எழுதப்படுகின்றது என்பதே அது. 2023ஆம் ஆண்டு யூலை மாதத்தில், ரெடிட் என்னும் அமெரிக்க இணையத்தளத்தில், பெருந்தொகையான மக்கள் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து ஆக்கிய சித்திரமொன்று இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிற்று. அந்நிகழ்வின் பின்னணியையும் அதன் வலிமையையும் எல்லையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரெடிட் தளம் 2005ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஓஹானியன் ஆகிய இருவராலும் தொடங்கப்பட்டது. விஞ்ஞானம், விளையாட்டு, சமையல், நோய்த்துயர் எனப் பொருளுக்கொரு குழுமமாகப் பல்லாயிரம் குழுமங்கள் அதில் இயங்குகின்றன. எழுதுபவர்கள் பயனர்கள், அவர்களுக்கு ஊதியம் இல்லை. முறைகேடான பதிவுகளை நீக்கி ஒழுங்கு பேணும் மட்டுறுத்துநர்களும் தொண்டர்களே. 2022ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் இத்தொண்டுழைப்பைக் கணக்கிட்டனர். நாளொன்றுக்குக் குறைந்தது 466 மணித்தியாலம். கூலியாக மதிப்பிட்டால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3.4 மில்லியன் டொலர் என்பது அவர்களது முடிவு. தளத்திற் பெறுமதியை உண்டாக்குவோர் ஒரு சாரார், அப்பெறுமதியை உடைமையாகக் கொள்வோர் இன்னொரு சாரார் என்னும் அடிப்படை முரண்பாட்டினை இதிலே காணலாம்.

இத்தளத்தில் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி ‘பிளேஸ்’, அதாவது ‘இடம்’, என்னும் பொதுச் சித்திரப் பலகை திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர், பின்னாளில் ‘வேர்டில்’ என்னும் சொல் விளையாட்டினால் உலகறிந்த ஜோஷ் வார்டில் ஆவார். நீளத்திலும் அகலத்திலும் ஆயிரம் புள்ளிகள் கொண்ட வெண்பரப்பு, 16 நிறங்கள். ஒருவர் ஒரு புள்ளியை மாத்திரமே இடலாம். அடுத்த புள்ளியை இடுவதற்குச் சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். ஒருவர் இட்ட புள்ளியின்மேல் இன்னொருவர் தம் நிறத்தை இடுவதற்குத் தடையில்லை. 72 மணித்தியாலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதிற் பங்குபற்றினர். 2022ஆம் ஆண்டில் அது மீண்டும் திறக்கப்பட்டபோது பங்குபற்றியோர் தொகை ஒரு கோடியைத் தாண்டிற்று. இடப்பட்ட புள்ளிகள் ஏறத்தாழ 160 மில்லியன்.

இவ்விதி எளிமையானதாயினும் அதன் சமூக உட்பொருள் ஆழமானது. தனித்து நிற்பவர் இப்பலகையில் எதனையும் வரைந்துவிட முடியாது. அவர் இட்ட புள்ளி அடுத்த கணமே அழிந்துவிடக்கூடும். ஓர் உருவம் நிலைக்க வேண்டுமாயின் பலர் முன்கூட்டியே திட்டமிட்டு, தமக்குள் வேலையைப் பங்கிட்டு, அயற்குழுமங்களுடன் எல்லை வகுத்து, இரவுபகலாகக் காவல் புரிதல் வேண்டும். எனவே பலகையிற் காணப்பட்ட ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு எழுத்தும் ஓர் அமைப்பின் அடையாளமாகும்.

இனி, 2023ஆம் ஆண்டின் பிணக்கினை நோக்குவோம். பிற நிறுவனத்தாரும் தனியாட்களும் ஆக்கிய செயலிகள் தளத்தின் தரவுகளைப் பெறுவதற்கான வாயில், அதாவது நிரல் இடைமுகம், அதுவரை இலவசமாக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அதற்குக் கட்டணம் விதிக்கப்படும் எனக் கம்பனி அறிவித்தது. ஐந்து கோடி வேண்டுகைகளுக்கு 12,000 டொலர் என்பது பின்னர் வெளியான விலை. ‘அப்பலோ’ என்னும் செயலியை ஆக்கியவர், இவ்விலைப்படி தாம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மில்லியன் டொலர் செலுத்த நேரும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். யூன் 30ஆம் திகதியோடு அச்செயலி மூடப்பட்டது. மட்டுறுத்துநர் பலர் தமது பணிக்கு இத்தகைய செயலிகளையே நம்பியிருந்தனர். பார்வையற்ற பயனர்களோ, தளத்தின் சொந்தச் செயலி தமக்கு ஏற்றதாக அமையாமையால், இவையின்றித் தளத்தைப் பயன்படுத்தவே இயலாது என முறையிட்டனர். அவர்களுக்கென இயங்கும் இலாப நோக்கற்ற செயலிகளுக்குக் கம்பனி விலக்களித்தது, ஏனையோருக்கு இணங்கவில்லை.

யூன் 12ஆம் திகதி முதல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குழுமங்கள் கதவடைப்புச் செய்தன. இதனை ஒருவகை வேலைநிறுத்தம் எனலாம். திறக்க மறுக்கும் மட்டுறுத்துநர்களின் இடத்தில் வேறு ஆட்கள் அமர்த்தப்படுவர் என்பது கம்பனியின் பதிலாயிற்று. வேலைநிறுத்தத்தை மாற்றாட்களைக் கொண்டு முறியடிக்கும் பழைய தொழிற்சாலை உத்தி, புதிய தொழில்நுட்ப உலகிலும் மாறாது தொடர்வதை இங்கு அவதானிக்கலாம்.

இச்சூழலிலேதான் யூலை 20ஆம் திகதி சித்திரப் பலகை மூன்றாம் முறையாகத் திறக்கப்பட்டது. மனக்கசப்பை மறக்கச் செய்யும் திருவிழாவாக அது அமையும் என எவரேனும் கருதியிருப்பின் அக்கருத்து விரைவிலேயே பொய்த்தது. ஹஃப்மன் தளத்திற் பயன்படுத்தும் பெயர் ‘ஸ்பெஸ்’ என்பதாகும். அப்பெயரோடு கூடிய வசைத்தொடர் ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும் பலகையின் பல பாகங்களில் எழுந்தது. அழிக்கப்பட்ட இடங்களில் மீண்டும் எழுந்தது. தேசக் கொடிகளுக்காக ஒருவரோடொருவர் போட்டியிட்ட குழுமங்கள்கூட இவ்வொரு தொடரில் ஒன்றுபட்டன.

வசைச்சொல் கலையாகுமா என்று ஆசாரவாதிகள் வினவலாம். தெருச்சுவரில் ஒருவர் ஒரு நிமிடத்தில் எழுதிச் செல்லும் வசைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இங்கு ஓரெழுத்தை எழுதுவதற்கே பல கைகள் வேண்டும். அதனைக் காப்பதற்கு இன்னும் பல கைகள் வேண்டும். சொல்லின் பொருள் கொச்சையானது, உண்மை. ஆனால் அது எழுதப்பட்ட முறை ஒழுங்குபடுத்தப்பட்ட கூட்டுச் செயலாகும். ‘நாங்கள் இன்றி இப்பலகை வெறும் வெண்பரப்பே’ என்பதுதான் அச்செயல் உணர்த்திய செய்தி. உள்ளடக்கத்திலன்றி உருவாக்க முறையிலேயே அதன் கலைப்பெறுமானம் தங்கியுள்ளது என்பது எமது கருத்து.

எனினும் இவ்வெதிர்ப்பின் எல்லையையும் மறைத்தலாகாது. பலகை கம்பனிக்குரியது. அது திறக்கும் நாளையும் மூடும் நாளையும், பரப்பையும் நிறங்களையும் தீர்மானித்தோர் வரைந்தவர்கள் அல்லர். 2022ஆம் ஆண்டில் இறுதிக் கட்டத்தில் வெள்ளை நிறம் மாத்திரமே வழங்கப்பட்டது. வரைந்தவர்களது கைகளாலேயே சித்திரம் துடைக்கப்பட்டது. 2023 யூலை 25ஆம் திகதி முடிந்த மூன்றாம் பலகையின் கதியும் அதுவே. மேலும், எதிர்ப்பாளர் இட்ட ஒவ்வொரு புள்ளியும் தளத்தின் வருகையைக் கூட்டிற்று. உடைமையாளரின் சுவரில் உடைமையாளரைக் கண்டிப்போர், அச்சுவரின் சந்தை மதிப்பையும் சேர்த்தே உயர்த்துகின்றனர்.

பின்னர் நிகழ்ந்தவை இதனை உறுதிப்படுத்துகின்றன. கட்டணம் நீக்கப்படவில்லை. 2024 மார்ச் 21ஆம் திகதி கம்பனி நியூயோர்க் பங்குச் சந்தையிற் பங்கொன்று 34 டொலராக நுழைந்தது. விற்பனைக்கு விடப்பட்ட பங்குகளில் ஏறத்தாழ 8 சதவீதம் பயனர், மட்டுறுத்துநர் முதலியோர்க்கென ஒதுக்கப்பட்டது. ஆயின் அவர்களும் விலை கொடுத்தே வாங்குதல் வேண்டும். அதற்கு முன்னர் கம்பனி வெளியிட்ட ஆவணத்தில், தளத்தின் தரவுகளைப் பிறருக்கு வழங்கும் ஒப்பந்தங்களின் மொத்தப் பெறுமதி 203 மில்லியன் டொலர் எனக் காட்டப்பட்டிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியளிக்கத் தேவைப்படும் மூலப்பொருளாக மக்களின் உரையாடல் மாறிவிட்டதையே இது காட்டுகின்றது. வாயிலுக்குப் பூட்டிடப்பட்டமைக்கான பொருளாதாரக் காரணமும் இங்கு வெளிப்படுகின்றது.

அவ்வாறாயின் அப்புள்ளிகள் வீணாயினவா? அல்ல. தனித்தனியே தட்டச்சுச் செய்துகொண்டிருந்தோர், தாம் ஓர் உற்பத்தி உறவிற் பங்காளிகள் என்பதைச் சில நாட்களேனும் உணர்ந்தனர். ஒரு பகுதியினர் எந்தவொரு தனிக் கம்பனிக்கும் உரித்தல்லாத, பல சிறு கணினிகள் இணைந்து இயங்கும் ‘லெம்மி’ போன்ற தளங்களுக்குச் சென்றனர். அவர்தம் தொகை சிறிது. எனினும் அவர்கள் எழுப்பிய வினா பெரிது. சுவரில் எதனை எழுதுவது என்பதிலிருந்து சுவர் எவருக்குரியது என்பதை நோக்கி நகரும்போதே கூட்டுக்கலை கூட்டு விடுதலைக்குத் துணையாக முடியும். 2023ஆம் ஆண்டின் சித்திரம் முதற் படியை எட்டியது. இரண்டாம் படி இன்னும் ஏறப்படாதிருக்கின்றது.