ஓப்பீருக்கு அருகே ஒரு பகல்



நான் மும்பைக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. இத்தனை ஆண்டுகளில் கன்வென்ஷன் கூட்டங்களுக்கும் ஜெபக்கூட்டங்களுக்கும் அல்லாமல் என் பிள்ளைகளை நான் ஓரிடத்திற்கும் அழைத்துச் சென்றதில்லை. இதை நானாக உணரவுமில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பதினான்கு வயதான என் இளைய மகள், "அப்பா, வீட்டிலும் நீங்கள் எங்களுக்குப் பாஸ்டராகவே இருக்கிறீர்கள்" என்றாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

குடியரசு தின விடுமுறையன்று குடும்பமாகப் புறப்பட்டோம். இடத்தைத் தெரிந்துகொண்டவள் அவளே: போரிவிலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் உள்ளே இருக்கும் கன்ஹேரி குகைகள். செய்தி அறிந்த சகோதரர் ஒருவர், "புத்தர் சிலைகள் நிறைந்த இடத்திற்கு ஊழியக்காரர் போகலாமா?" என்று தொலைபேசியில் கேட்டார். உங்களிலும் சிலர் இதையே கேட்கக்கூடும். அப்போஸ்தலனாகிய பவுல் அத்தேனே பட்டணத்தில் சுற்றித் திரிந்து, அவ்வூராருடைய ஆராதனைக்குரியவைகளைக் கவனித்துப் பார்த்தார், பலிபீடத்தின் எழுத்தையும் வாசித்தார் (அப். 17:23). வணங்கப் போவது வேறு, அறியப் போவது வேறு. இதற்கு மேல் நான் வாதாட விரும்பவில்லை.

கன்ஹேரியில் கரும்பாறையைக் குடைந்து செய்யப்பட்ட குகைகள் நூற்றுக்கு மேல் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டு தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பிக்குகள் அங்கே வாழ்ந்தார்கள். கலியாண், சோப்பாரா முதலிய துறைமுகங்களின் வியாபாரிகள் கொடுத்த கொடைகளைக் கல்வெட்டுகள் இன்றும் சொல்லுகின்றன. மூன்றாம் குகையின் முகப்பில் ஏறக்குறைய 23 அடி உயரமான இரண்டு சிலைகள் நிற்கின்றன. பிள்ளைகளோ அவற்றைவிடத் தண்ணீர்த் தொட்டிகளையே அதிகமாகப் பார்த்தார்கள். மழைநீர் வழிந்தோடப் பாறையில் வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு குகையின் அருகிலும் தொட்டி குடைந்திருக்கிறார்கள். வெடிப்புள்ள தொட்டிகளைக் குறித்து (எரே. 2:13) நான் எத்தனையோ முறை பிரசங்கித்தவன். இவை வெடிக்கவில்லை, இன்னும் தண்ணீர் நிற்கிறது. குழாய்த் தண்ணீருக்காக விடியற்காலையில் வரிசையில் நின்று பழகிய என் மனைவி அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறாம் குகையில் பாரசீகரின் பழைய பஹ்லவி எழுத்தில் சில வரிகள் உண்டு. கி.பி. 1009-லும் 1021-லும் இவ்விடத்தைப் பார்க்க வந்த ஜரதுஷ்டிர மதத்தார் தங்கள் பெயர்களைத் தகப்பன்மாரின் பெயர்களோடு பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "இவர்களும் அப்பாவோடு வந்தவர்களா?" என்று மகள் கேட்டாள். தெரியாது என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து எவ்வளவு காலம் ஆயிற்று!

பிற்பகலில் ரயிலேறி, கழிமுகத்தைக் கடந்து வசாய் ரோட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பழைய கோட்டைக்குப் போனோம். 1534-ல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து போர்த்துக்கீசியர் பெற்ற ஊர் இது. 1739-ல் சிமாஜி ஆப்பாவின் மராட்டியப் படை கைப்பற்றியது. மதிலுக்குள் ஆலயங்கள் கூரையிழந்து நிற்கின்றன. சுவர்களில் மரவேர்கள் இறங்கியிருக்கின்றன. பிரான்சிஸ்கு சபையாரின் ஆலயத்தில் கல்லறைப் பலகைகள் மேல் ஆடுகள் படுத்திருந்தன. வாடகை மண்டபத்தில் ஆராதனை நடத்திக்கொண்டு, சொந்தக் கட்டடத்திற்காக ஒன்பது ஆண்டுகளாக ஜெபித்துவரும் எனக்கு அங்கே பேச்சு வரவில்லை.

இவ்வூரில் பிறந்த கொன்சாலோ கார்சியா 1597-ல் ஜப்பானின் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டு மரித்தார். அவருடைய சபையின் உபதேசம் நம்முடையதோடு ஒத்ததல்ல. ஆயினும் விசுவாசத்திற்காக உயிரைக் கொடுத்தவரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நியாயமாகத் தோன்றவில்லை, சொன்னேன்.

திரும்பும்போது வசாய் ரோடு நடைமேடையில், "அடுத்த நிலையம் என்ன?" என்றாள் மகள். நாலாசோப்பாரா. பழைய சோப்பாரா துறைமுகம் அதுவே. அசோகனின் கல்வெட்டுத் துண்டு 1882-ல் கிடைத்த இடம். சாலொமோனுக்குப் பொன் வந்த ஓப்பீர் (1 இரா. 9:28) இதுதான் என்று கருதிய அறிஞர்கள் உண்டு, அரேபியாவைக் காட்டுகிறவர்களும் உண்டு. ஆகையால், போதகர்களே, பிரசங்கத்தில் அடித்துச் சொல்லிவிடாதேயுங்கள்.

"அப்படியானால் அங்கே எப்போது போகிறோம்?" என்றாள். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை அவளுக்குப் பள்ளி இல்லையாம். அன்று எங்கள் சபையில் உபவாச ஜெபம். தொலைபேசியில் பேசிய அதே சகோதரரிடம், அதை நடத்தித் தரும்படி கேட்டிருக்கிறேன்.