ஆப்பரேஷன் முடிந்த இரவு: 'நல்லா தூங்குறாரு' என்று விட்டுவிடலாமா?

"பாவம், வலியில துடிச்சாரு. இப்பதான் கண் அசந்தாரு, எழுப்பாதீங்க." பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவரின் கட்டிலருகே அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையோ, பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனோ, ஆப்பரேஷன் எங்கே நடந்தாலும் முதல் நாள் தூக்கத்தைக் கவனிக்க வேண்டும். காரணம், வலிக்குத் தரப்படும் மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள்.

மூச்சு ஏன் குறைகிறது?

ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது, 'மூச்சு விடு' என்று மூளைத்தண்டு கட்டளையிடும். ஓபியாய்டு வலியைக் குறைப்பதோடு இந்தக் கட்டளையையும் மந்தமாக்குகிறது. தொண்டைத் தசைகளும் தளர்வதால் குறட்டை வரும். பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் கூடிவிடும்.

அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவில் 1,335 நோயாளிகளிடம் நடந்த 'புரோடிஜி' ஆய்வு 2020-இல் வெளியானது. சாதாரண வார்டில் ஓபியாய்டு பெற்ற அவர்களைக் கருவி மூலம் தொடர்ந்து கண்காணித்ததில், 46 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது மூச்சு குறைந்தது தெரிந்தது. எல்லாமே உயிராபத்து இல்லை. ஆனால் அவ்வப்போது மட்டும் வந்து பார்த்தால் பல தப்பிவிடும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் போதாதா?

ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தால் மீட்டரில் எண் நன்றாகவே தெரியலாம். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். அதனால்தான் தாதியர் மூச்சை எண்ணுகிறார்கள், கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். தூக்கத்தைக் கெடுக்கிறார்களே என்று கோபிக்க வேண்டாம்.

பொத்தானை யார் அழுத்தலாம்?

சிலருக்கு, பொத்தானை அழுத்தினால் மருந்து ஏறும் பி.சி.ஏ. கருவி தரப்படும். அதை நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும். மயக்கம் கூடினால் அவரால் அழுத்த முடியாது. மருந்து தானாக நின்றுவிடும். அதுதான் பாதுகாப்பு. தூங்குபவருக்காகப் பிள்ளைகள் 'உதவிக்கு' அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

முன்பே என்ன சொல்ல வேண்டும்?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, பலத்த குறட்டை, சிறுநீரக அல்லது இதயக் கோளாறு, தூக்க மாத்திரைப் பழக்கம் ஆகியவற்றை மயக்கமருந்து நிபுணரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வயது 60-ஐத் தாண்டியவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பாரசிட்டமால், நரம்பை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி போன்றவற்றையும் சேர்த்தால் ஓபியாய்டு அளவைக் குறைக்கலாம்.

அப்படியானால் வலி மருந்தே வேண்டாமா?

வேண்டும். வலி இருந்தால் ஆழ்ந்து மூச்சு இழுக்கவோ இருமவோ முடியாது. சளி தேங்கி நிமோனியா வரலாம். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு போல வலியையும் அளந்து குறிக்கும் முறையை மலேசிய சுகாதார அமைச்சு 2008-இல் கொண்டுவந்தது. வலியை அடக்குவதும் மூச்சைக் காப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எப்போது தாதியைக் கூப்பிட வேண்டும்?

கூப்பிட்டால் சரியாக விழிக்காதது, பேசும்போதே கண் சொருகுவது, இடையிடையே நிற்கும் குறட்டை, உதடு நீலமாவது, நிமிடத்துக்கு 8-க்கும் குறைவான மூச்சு: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே அழைப்பு மணியை அழுத்துங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பும். ஆனால் அதன் வேகம் மார்ஃபினுக்கு முன்பே தணிந்துவிடும். மூச்சு மறுபடி குறையலாம். ஆகவே அவர் விழித்துப் பேசிய பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும்.