பிரேக் பிடிப்பதும் முடுக்கம்தான்

மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும்போது அதன் வேகம் பூஜ்யம். அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? அதுவும் பூஜ்யம் என்றுதான் பல மாணவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் கையை விட்டுக் கிளம்பியதிலிருந்தே ஒரே முடுக்கம்தான் அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது: ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் வேக மாற்றம். ஏறும்போது அது பந்தின் போக்குக்கு எதிராக இருப்பதால் வேகம் குறைகிறது. இறங்கும்போது போக்கோடு சேர்வதால் கூடுகிறது.

வேகம் குறைவதற்கென்று இயற்பியலில் தனி அளவு கிடையாது. திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம். அது போக்குக்கு எதிர்த்திசையில் இருந்தால் எதிர்முடுக்கம். அவ்வளவுதான். கழித்தல் குறியைப் பார்த்ததும் வேகம் குறைகிறது என்று முடிவுகட்டுவது தவறு. மேல்திசையைக் கூட்டல் என்று வைத்தால், கீழே விழுந்து வேகமெடுக்கும் பந்தின் முடுக்கத்துக்கும் கழித்தல் குறிதான் வரும்.

எதிர்முடுக்கத்தை ஆங்கிலத்தில் டிசெலரேஷன் என்கிறார்கள். 'விரைவான' என்று பொருள்படும் 'செலெர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து ஆக்சிலரேஷன் வந்தது. அதைத் திருப்பிப்போட்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது டிசெலரேஷன். அதற்கு முன்பிருந்தே வழங்கும் ரிடார்டேஷன், 'மந்தமான' என்னும் 'டார்டுஸ்' வழி வந்தது. இலங்கைப் பாடநூல்கள் முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும் எதிர்முடுக்கத்தை அமர்முடுகல் என்றும் சொல்கின்றன. முடுகுதல் என்றால் விரைதல். சந்தப் பாடல்களில் துள்ளி ஓடும் நடைக்கும் முடுகு என்றே பெயர். காதுக்கு இனியது அமர்முடுகல்தான். திசையைக் காட்டிக்கொடுப்பது எதிர்முடுக்கம்.

இந்த எதிர்முடுக்கத்தை மனித உடல் எவ்வளவு தாங்கும்? 1954 டிசம்பர் 10 அன்று, அமெரிக்காவின் ஹாலோமன் விமானப்படைத் தளத்தில், ராணுவ மருத்துவர் ஜான் ஸ்டாப் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தார். 1.4 வினாடியில் வண்டி நின்றது. உச்சத்தில், புவியீர்ப்பைப் போல 46 மடங்கு அவர் உடலை உலுக்கியது. கண்ணின் ரத்தக் குழாய்கள் வெடித்துப் பார்வை சிறிது நேரம் போனது, பிறகு திரும்பியது. உடலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பட்டை இருந்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு அவரே சாட்சி. பிறகு கார்களிலும் சீட் பெல்ட் வேண்டும் என்று வாதாடினார். சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் முக்கியமாகச் செய்வது ஒன்றைத்தான்: உடல் நிற்க எடுக்கும் நேரத்தைச் சற்றே நீட்டுகின்றன. அதனாலேயே எதிர்முடுக்கம் பலமடங்கு குறைந்துவிடும்.

எதிர்முடுக்கம் அளவுக்கு மிஞ்சினாலும் காரியம் கெடும். 2019இல் இந்தியாவின் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் இறங்கும்போது, முதல் கட்டத்தில் எல்லாம் சரியாகவே நடந்தது. இரண்டாம் கட்டத்தில் திட்டமிட்டதைவிட அதிகமாக வேகம் குறைந்தது. அந்தப் பிறழ்வால் அடுத்த கட்டத்தைத் தொடங்க வேண்டிய நிலையே மாறிப்போக, விக்ரம் தரையில் மோதியது. நிலவில் காற்று இல்லாததால் பாராசூட் உதவாது, எஞ்சின்தான் பிரேக்.

2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 1.68 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. முதல் 690 வினாடிகளில் அந்த வேகத்தை வினாடிக்கு 358 மீட்டராகக் குறைப்பது திட்டம். சராசரியாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு வினாடிக்கும் வேகம் 2 மீட்டருக்கும் குறைவாகவே இறங்க வேண்டும். நகரப் பேருந்து நிறுத்தத்தில் நிதானமாக பிரேக் பிடிப்பதைப் போன்ற அளவுதான் அது. இம்முறை கணக்கு பிசகவில்லை.