நாற்றிலேயே தெரியும் வேரின் குணம்

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில், தேயிலை பெரும்பாலும் விதையிட்டே வளர்க்கப்பட்டது. விதையில் பிறந்த செடிக்கு ஆணிவேர் உண்டு. அது சரிவான நிலத்தில் ஆழ இறங்கிப் பற்றிக்கொள்ளும். பிற்காலத்தில் பரவிய, தண்டுத் துண்டை நட்டு வளர்க்கும் செடிக்கு ஆணிவேர் கிடையாது. கொழுந்து ஒரே சீராக வருவதால் அதை விரும்புகிறார்கள்; ஆயினும் மழை பொய்த்தால் இளஞ்செடி எளிதில் வாடிவிடும்.

ரப்பர்த் தோட்ட வாசகர்களுக்கு இது புதிதன்று. நாற்றங்காலில் ஆணிவேர் வளைந்து முறுக்கிய கன்றைக் கழித்துவிடுவது நாம் அறிந்த வழக்கமே.

நாம் உண்ணும் சோற்றிலும் இதே பிரச்சினை இருக்கிறது. நெல்லுக்கு ஆணிவேர் இல்லை, சல்லிவேர்களே உள்ளன. அவை பக்கவாட்டில் படர்கின்றனவா, செங்குத்தாக இறங்குகின்றனவா என்பதைப் பொறுத்தே, மேல்மண் காய்ந்த பிறகும் பயிருக்கு நீர் கிடைக்கும். பிலிப்பைன்ஸில் 1985இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 64 என்னும் நெல் நல்ல விளைச்சல் தந்து பல நாடுகளில் பரவியது. ஆனால் அதன் வேர் மேலோட்டமானது. அந்நாட்டு மேட்டுநில நெல்லாகிய கினாண்டாங் பாத்தோங் ஆழவேர் உடையது.

வயல் முழுவதையும் தோண்டி வேர் பார்ப்பது இயலாத காரியம். எனவே ஆய்வாளர்கள் விதையைக் கிண்ணம் போன்ற சிறு வலைக்கூடையில் வளர்க்கிறார்கள். சில வாரங்களில் வேர்கள் வலைக் கண்களின் வழியே வெளிவரும். விளிம்போரமாக வந்தால் படரும் வேர். அடியில் வந்தால் இறங்கும் வேர். எண்ணிப் பார்த்தாலே போதும். எளிய உபாயந்தான், ஆனால் வெகு கெட்டிக்காரத்தனமானது!

இம்முறையில் தேர்ந்து, இரு நெல்லையும் கலந்து, மீண்டும் மீண்டும் ஐ.ஆர். 64உடனேயே சேர்த்தார்கள். ஆழவேருக்குக் காரணமான மரபணுவை யூசாகு ஊகா தலைமையிலான ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் அறிவித்தனர். வேர்நுனி புவியீர்ப்பை உணர்ந்து கீழ்நோக்கி வளைவதற்கு அது துணைசெய்கிறது. கடும் வறட்சிச் சோதனையில் பழைய ஐ.ஆர். 64 ஏறக்குறைய மணியே தரவில்லை. ஆழவேர் பெற்ற அதன் உடன்பிறப்போ ஓரளவு விளைந்தது. வானத்தை நம்பி வாழும் மேட்டுநில விவசாயிக்கு அந்த 'ஓரளவு' குடும்பத்தின் உணவல்லவா?

ஆனால் ஆழவேர் எங்கும் நல்லது என்று எண்ணிவிடலாகாது. உப்பேறிய வயலில் ஆழத்து மண்ணில் காற்று குறைந்து வேர் திணறும். அத்தகைய வயலில் மேலோட்டமான வேருள்ள நெல்லே கூடுதலாக விளைந்ததாக 2020இல் ஜப்பானிய ஆய்வு காட்டியது. அந்த வேர்க் குணத்தை இந்தோனேசிய நெல் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார்கள்.